கூமாப்பட்டிக்குப் போகாத வெள்ளிக்கட்டி

இனி ஒரு வெள்ளி ரூபாய்கூட கூமாப்பட்டிக்குப் போகக் கூடாது என்று பொன்னுராஜ் தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராஜபாளையம் சர்ச்சில், பிரசங்கத்தின் நடுவில். பிரசங்கம் தாராள மனதைப் பற்றியது.

கூமாப்பட்டி அவர் மனைவி ஞானபாக்கியத்தின் பிறந்த ஊர். அங்கே அவளுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று ஒரு டவுன் பஸ் கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்துகொண்டே இருந்தது. பிறந்த பிள்ளையை முதலில் பார்க்கப் போகிறவர்கள் அதன் உள்ளங்கையில் ஒரு வெள்ளி ரூபாய் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்கென்றே ஞானபாக்கியத்திடம் ஒரு சுருக்குப்பை இருந்தது. பொன்னுராஜ் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியின் கழிவுத் துணியில் அவளே தைத்தது. உள்ளே ராஜா தலையும் ராணி தலையும் போட்ட பழைய ரூபாய்கள், சீட்டுப் பணத்தில் ஒன்றொன்றாக வாங்கிச் சேர்த்தவை. கூமாப்பட்டியில் பிள்ளை அழுதால் இங்கே பை இளைக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பொன்னுராஜ் ஆரம்பித்தார்.

"ஏட்டி, பழைய ரூபாயில செம்பு கலந்திருக்கு. கட்டியா வாங்கினா சுத்த வெள்ளி. பெரிய பெரிய பணக்காரன்லாம் கட்டியாத்தான் வச்சிருக்கான்."

"அவுக வீட்ல பிள்ளை பொறந்தா என்ன செய்வாக?"

"நான் சேமிப்பைப் பத்திப் பேசுதேன். நீ பிள்ளையைப் பத்திப் பேசுதே."

"ஒண்ணு வேணும்னா பையில இருந்து ஒண்ணை எடுக்கலாம். கட்டியில எங்கிட்டு எடுக்க?"

"எடுக்க முடியாதுல்லா? எடுக்க முடியாததுதான் சேமிப்பு!"

ஞானபாக்கியம் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஹமீது பாய் கடையில மாத்துங்க. எங்க அப்பாவுக்குப் பழக்கம்."

நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்! கல்யாணமான நாளில் இருந்து பொன்னுராஜ் கேட்டிராத வாக்கியம். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அவர் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

மறுநாளே காசெல்லாம் கட்டியானது. துணி சோப்புப் போல ஒரு கட்டி. காலிப் பையை ஆணியில் மாட்டினார். கட்டியை பீரோவில் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இனி கம்பெனிக்கு நிம்மதியாகச் சைக்கிள் மிதிக்கலாம். இன்னும் கொஞ்ச நாள்தான் சைக்கிள். மொபெட்டுக்கு முக்கால்வாசிப் பணம் சேர்ந்திருந்தது.

அந்த வாரமே ஞானபாக்கியத்தின் தம்பிக்கு ஆண் பிள்ளை பிறந்தது.

"கட்டியைக் குடுங்க. பிள்ளை கையில வைக்கணும்."

"கட்டியையா? பச்சப்புள்ள கை ஒடிஞ்சு போகும்டி!"

"அப்பம் ஒரு குட்டி மோதிரம் வாங்கணும்."

"மோதிரம்னா... தங்கமா?"

"பொறவு? இம்புட்டு நாளா வெள்ளி வச்ச கை. எறங்கி எவர்சில்வர் வைக்கச் சொல்லுதீகளா? ஏறித்தான போகணும்? ரூபாயை மட்டும் குடுங்க, நானே பாத்து வாங்கிக்கிடுதேன்."

மொபெட்டின் முன் சக்கரம் கூமாப்பட்டிக்கு உருண்டு போனது.

அடுத்த மாதம் அவள் அக்கா மகளுக்கு ரெட்டைப் பிள்ளை.

"ரெண்டுக்கும் சேத்து ஒரே மோதிரம்..." என்று பொன்னுராஜ் இழுத்தார்.

"ஒண்ணுக்குப் போட்டுட்டு இன்னொண்ணை வேடிக்கை பாக்கச் சொல்லவா?"

பின் சக்கரமும் போனது, இஞ்சினும் போனது. ஒரு ஹாரன் வாங்குகிற அளவுக்குத்தான் மிச்சம்.

அதற்கடுத்த வாரம், "தங்கச்சிக்கு இது மாசம்" என்று ஞானபாக்கியம் வாயைத் திறந்தாளோ இல்லையோ, பொன்னுராஜ் பீரோவைத் திறந்தார். கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

"பாய், இதுல ஒரு ஓரமா வெட்டிக் குடுக்க முடியுமா?"

"வெட்டுனா முத்திரை போயிரும். பொறவு எவனும் மதிக்க மாட்டான்" என்றார் ஹமீது பாய்.

"அப்பம் பழையபடி காசாவே குடுத்திருங்க. கூலி எம்புட்டுன்னாலும் கழிச்சுக்கிடுங்க."

ஹமீது பாய் ஆச்சரியப்படவில்லை. மேஜை டிராயரை இழுத்து ஒரு பையை எடுத்து வைத்தார். பேண்டேஜ் துணியில் தைத்த சுருக்குப்பை. வீட்டில் ஆணியில் தொங்குவதாக பொன்னுராஜ் நம்பிக்கொண்டிருந்த பை.

"இது எப்படி இங்க வந்துது?"

"கட்டி வாங்குன வாரமே உங்க வீட்டம்மா கூமாப்பட்டி போற வழியில எறங்குனாக. 'காசை உருக்கிராதீக பாய், இந்தப் பையிலயே போட்டு வைங்க, மூணு பிள்ளைக்கு மேல அவிய தாங்க மாட்டாக'ன்னாக. அஞ்சாறாவது தாங்குவீகன்னு நான் நெனச்சேன்."

"அந்த மூணு பிள்ளைக்கும் தங்க மோதிரம்ல போட்டிருக்கேன்!"

"மோதிரமா? தலைக்கு ஒரு வெள்ளி ரூபாயா இதுல இருந்துதான வெலைக்கு வாங்கிட்டுப் போனாக?"

பஸ் இராஜபாளையம் வந்து சேர்கிறவரை பொன்னுராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தொப்பென்று வைத்தார்.

"மோதிரம் எங்கட்டி?"

ஞானபாக்கியம் பதறவில்லை. தலையைச் சாய்த்து ஒரு காதைக் காட்டினாள். பிறகு மறு காதைக் காட்டினாள். புதுக் கம்மல், ஜன்னல் வெயிலில் மினுங்கியது.

"இது எப்பம்?"

"ரெட்டைப் பிள்ளைக்கு ரூபாய் குடுத்தீகளே, அந்த வாரமே. தெனமும் எதுத்தாப்புலதான உக்காந்து சாப்பிடுதீக? நீங்க கேப்பீக கேப்பீகன்னு நானும் பாத்தேன்."

ஞானபாக்கியம் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். கண்ணாடி முன் நின்று கம்மலின் திருகைச் சரிபார்த்தாள்.

"எடுக்க முடியாததுதான் சேமிப்புன்னு சொன்னீகள்ல? இதைக் கழட்டி நான் எவளுக்குக் குடுக்கப் போறேன்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."