எதிரொலி முதலியார்

பதுளை மேல்நீதிமன்றத்தில் கொலை வழக்கு கேட்ட நீதிபதிகள் அத்தனை பேரும் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் கொலைகாரர் அல்ல, முதலியார். தமிழ்ச் சாட்சி சொல்வதைச் சிங்களத்திலும், நீதிபதி சொல்வதைத் தமிழிலும் மாற்றித் தரும் கோர்ட் மொழிபெயர்ப்பாளரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் எதிரொலி.

வக்கீல் குமாஸ்தாவான நான் பார்த்தவரை, மனுஷன் சாட்சியத்தில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். சாட்சி அழுதால் இவரும் அழுவார். ஒருமுறை சாட்சி கொட்டாவி விட்டதையும் மொழிபெயர்த்தார். கோர்ட்டே சிரித்தது, இவர் சிரிக்கவில்லை.

வெளியில் பரம சாது. 'சனியன்' என்றுகூடச் சொல்லமாட்டார்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஹாலிஎலப் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் வழக்கு வந்தது. குடித்துவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று ஏசிய கொழுந்தனை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒரே வெட்டு, அங்கேயே முடிந்தான். வெட்டியதை யாரும் மறுக்கவில்லை. அது கொலையா, இல்லை திடீர் ஆத்திரத்தில் நடந்த, கொலை என்ற கணக்கில் சேராத குற்றமா என்பதுதான் கேள்வி. கொலை என்றால் மரண தண்டனை. மற்றதென்றால் சில வருஷச் சிறை. அவன் என்ன ஏசினான் என்பதில்தான் அவள் உயிர் இருந்தது. பொலிஸ் வாக்குமூலத்திலோ "திட்டினார்" என்று ஒரே சொல்!

சாட்சிக் கூண்டில் பக்கத்து வீட்டுக்காரி கூசி நின்றாள். "அதெல்லாம் வாயால சொல்ல முடியாதுங்க."

"சொல்லுங்கம்மா, ஒரு உசுரு போகப் போகுது," என்றார் எங்கள் வக்கீல்.

சொன்னாள். வெட்டியவள் அப்போதுதான் புதைத்துவிட்டு வந்த தன் மகளைப் பற்றி அவன் பேசியதையெல்லாம் சொன்னாள். எதிரொலி நீதிபதியைப் பார்த்து, அதே குடிகாரக் குரலில், சிங்களத்தில் அவிழ்த்துவிட்டார். டைப்பிஸ்ட் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு நடந்த சிங்களச் சண்டையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"போதும், சுருக்கமா சொல்லுங்க!" என்றார் நீதிபதி.

"இன்னும் இருக்குங்க ஐயா."

"நிறுத்துறீங்களா, உள்ள தள்ளவா?"

"தள்ளுங்க ஐயா. அவன் நிறுத்தலையே! இந்தப் பொம்பள முழுசா கேட்டுட்டுத்தான் கத்தியத் தூக்கிச்சு. நீங்களும் முழுசா கேட்டுட்டு முடிவு சொல்லுங்க."

மிச்சத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். நீதிபதியின் கை மேசையில் எதையோ தேடியது. நல்லவேளை, அங்கே பேனாதான் இருந்தது.

தீர்ப்பு நாளன்று நீதிபதி கறாரான குரலில் வாசித்தார்: கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எதிரொலி அவள் பக்கம் திரும்பினார்.

"கொலைக் குற்றம் நிரூபிக்கப்படல. அழாதீங்க தாயி."

எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். 'அழாதீங்க தாயி' என்று நீதிபதி சொல்லவே இல்லை. அந்த ஒரு பொய்க்காகவே அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.