ஆட்டோவில் வந்த உச்சிமாநாடு

உலகத்தின் எந்த மூலையில் எந்த அதிபர் எந்தப் பிரதமரின் கையைப் பிடித்துக் குலுக்கினாலும், அந்தச் செய்தி சங்கரன்கோவில் மக்களுக்கு உடனே தெரிந்துவிடும். தொலைக்காட்சியால் அல்ல. உச்சிமாநாட்டு அண்ணாச்சியால்.

அவருக்குத் தொழில், ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொல்வது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மின்தடை, காணாமல் போன பசுமாடு எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குள் வரும். மற்றவர்கள் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டுவிட்டு ஆட்டோவில் தூங்குவார்கள். இவர் மட்டும் இன்றைக்கும் நேரடியாகத்தான் பேசுவார். அதில்தான் வம்பே.

நான் அந்த ஊர் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் குரல் கேட்டது.

"பொதுமக்களே! போர்வை, பெட்ஷீட், தலையணை உறை அனைத்தும் அதிரடித் தள்ளுபடியில்! இன்றே வாரீர்! மேலும், உலகத் தலைவர்கள் இருபது பேர் இன்று ஒரே இடத்தில் கூடுகிறார்கள்! பருவநிலை குறித்துப் பேசுகிறார்கள்! அனைவரும் கவனிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்!"

போர்வைக் கடைக்கு அன்று திருவிழாக் கூட்டம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாள், இரண்டு போர்வை எடுத்துக்கொண்டு கடையை விட்டு நகரவே இல்லையாம். "அந்த இருபது பேரும் எப்பய்யா வருவாக? பாத்துட்டுப் போயிருதேன்" என்று கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

கடைக்காரர் ஆட்டோவை மறித்தார். "வே, நான் போர்வையைச் சொல்லச் சொன்னா நீரு உலகத்தையே சொல்லிட்டுப் போறீரு?"

"உம்ம போர்வை நம்ம ஊருக்கு மட்டும்தான். பருவநிலை எல்லாருக்கும்லா" என்றார் அண்ணாச்சி.

துக்க அறிவிப்பில் மட்டும் அவர் எதையும் கலந்ததில்லை. அதற்கு மைக்கைப் பிடிக்கும்போது குரலே வேறாகிவிடும். இறந்தவரின் பெயரை இரண்டு முறை நிறுத்திச் சொல்வார். அன்றைக்கு எந்த நாட்டில் எந்த மாநாடு நடந்தாலும் அது காத்திருக்க வேண்டியதுதான்.

நான் ஆங்கில ஆசிரியை என்று தெரிந்ததும், தினசரித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வர ஆரம்பித்தார்.

"டீச்சர், மாநாடு முடிஞ்சதும் கூட்டறிக்கைன்னு ஒண்ணு விடுதாகள்லா. அதுல 'ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம்'னு எழுதியிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் செய்யப் போறதில்லைன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். கடையநல்லூர் பக்கம் விளம்பரத்துக்குப் போனா வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டிக் கெடக்கு. அங்கன ஒரு குண்டு விழுந்தா இங்கன ஒரு வீட்டுல அடுப்பு எரியாது. அவுக உக்காந்து பேசுதாகளா, பேசலையான்னு நம்ம சனத்துக்குத் தெரிய வேண்டாமா?"

அதற்குப் பதில் அவர் மனைவி கோமதி அக்காவிடம் இருந்தது. "உலகம் பூராவுக்கும் இவரு அறிக்கை விடுதாரு. வீட்டுல கேஸ் தீந்து நாலு நாளாச்சு. அதுக்கு ஒரு கவலையும் தெரிவிக்கக் காணும்!"

இப்படிப்பட்டவர் ஒரு மாநாட்டை நடத்தாமல் இருப்பாரா? நடத்தினார். எங்கள் தெருவிலேயே நடத்தினார்.

பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். தெருவின் நடுவில் ஆறுமுகம் என்பவரின் விசைத்தறிக் கூடம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை தடக் தடக் என்று ஓடும். பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று பெற்றோர்கள் கொதித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் வக்கீல் குமாஸ்தா மாரியப்பன். "தறியை நிறுத்துங்க" என்றார் அவர். "நெய்யுதவங்க வயித்தை நிறுத்தச் சொல்லும்" என்றார் ஆறுமுகம். இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்தார்கள். ஒரே தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் காதில் பஞ்சோடு பள்ளிக்கூடம் வந்தார்கள்.

"இது உச்சிமாநாட்டில் தீர வேண்டிய விஷயம்" என்று அறிவித்தார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை, தறிக்கூட வாசலில் பந்தல். யாரும் பெரியவர் சின்னவர் இல்லை என்று காட்டுவதற்காகச் சமையல்காரரிடமிருந்து வட்ட மேஜை வாங்கி வந்திருந்தார். மேஜை மேல் பெயர்ப் பலகை, தண்ணீர் பாட்டில். முதல் நிகழ்ச்சி குழுப் புகைப்படம். "படம் எடுத்துட்டா பாதி மாநாடு முடிஞ்ச மாதிரி" என்றார். பாதி மாநாடு அதிலேயே முறியப் பார்த்தது. நடுவில் யார் நிற்பது என்று அரை மணி நேரம் சண்டை. ஸ்டூடியோக்காரர் கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று போயே போய்விட்டார்.

வட்ட மேஜையில் பேச்சு தொடங்கியதும் மாரியப்பன் எழுந்து கத்தினார், ஆறுமுகம் நாற்காலியைத் தள்ளினார். அண்ணாச்சி அசரவில்லை. "இப்ப இருதரப்புப் பேச்சு! ரெண்டு தலைவரும் தனியாப் பேசுவாக!" என்று இருவரையும் நூல் வைக்கும் அறைக்குள் தள்ளி, பிஸ்கட் தட்டை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். நூல் மூட்டைகள் கூரை வரை அடைத்திருந்த அந்த அறைக்குள் வெளிச் சத்தம் எதுவும் போகாது.

நாங்கள் வெளியே காத்திருந்தோம். திடீரென்று ஆட்டோவின் ஒலிபெருக்கி இடியாக முழங்கியது.

"இந்த பிஸ்கட்டு நமத்துப் போச்சுவே!"

மாரியப்பனின் குரல். கூட்டறிக்கை வாசிப்பதற்காகக் கையில் வைத்திருந்த வயரில்லா மைக்கை, பிஸ்கட் தட்டோடு சேர்த்து அண்ணாச்சி உள்ளேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

"ஐயையோ, இது ரகசியப் பேச்சுல்லா!" என்று பதறி ஓடப் போனார். கோமதி அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நில்லும். கேப்போம்."

ஒலிபெருக்கியில் ஆறுமுகம் பேசினார். குரல் தணிந்திருந்தது. "மாரியப்பா, எனக்குத் தெரியாதா? என் மவளும் பிளஸ் டூதான். இந்தச் சத்தத்துல படிக்க முடியாம புளியங்குடில அவ சித்தி வீட்டுக்குப் போயிட்டா. ஒரு மாசமாச்சு. பிள்ளை இல்லாம எனக்குச் சோறு எறங்கல. ஆனா தறியை நிறுத்தினா நம்பி வந்த ஆளுகளுக்கு நான் என்ன சொல்ல?"

பிஸ்கட் தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாரியப்பன்: "நானும் ஒண்ணு சொல்லுதேன். வெளிய சொல்லிராதீரும். என் பய தறி ஓடாத ஞாயித்துக்கிழமையும் படிக்க மாட்டான். போனைத்தான் நோண்டுவான். ஊரு முன்னால தலைவர்னு நின்னுட்டேன், எப்படி எறங்கன்னு தெரியல."

தெருவே திரும்பி மாரியப்பனின் மகனைப் பார்த்தது. அவன் நின்ற இடத்தில் அவன் இல்லை.

கதவு திறந்தது. பிஸ்கட்டும் மைக்கும் கிடந்த தட்டோடு வெளியே வந்த இருவரும், எல்லாரும் தங்களையே பார்ப்பதைக் கண்டார்கள். பிறகு தங்கள் செருப்புச் சத்தமே தெருமுனை வரை முழங்குவதைக் கேட்டார்கள். ஆறுமுகத்தின் முகம் சிவந்துபோனது.

அப்போது தறியில் வேலை செய்யும் முத்துமாரி அக்கா ஆறுமுகத்தின் முன்னால் வந்தார். "ஏன் அண்ணாச்சி, பாப்பா ஊருக்குப் போனது இதுக்குத்தானா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நாங்க விடியமுன்ன அஞ்சு மணிக்கே வந்து நெய்துட்டு, சாயந்தரம் ஆறு மணிக்குப் போயிருவோம்லா. எங்க வீட்டுலயும் படிக்கிற பிள்ளைக இருக்கு."

அவ்வளவுதான். மூன்று மாதச் சண்டை மூன்று நிமிடத்தில் முடிந்தது. அண்ணாச்சி ஏற்கெனவே நான்கு பக்கத்துக்குக் கூட்டறிக்கை எழுதி வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்தார், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மைக்கை வாங்கி, "சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தறி ஓடாது. பிள்ளைக படிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறிய அறிவிப்பு அதுதான். புதன்கிழமை ஆறுமுகத்தின் மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

ஊர் கொண்டாடியது. அண்ணாச்சி மட்டும் இரண்டு நாள் ஆட்டோவை எடுக்கவில்லை. ரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிட்டோமே என்று குன்றிப்போய், இரண்டு வீட்டுக்கும் நடந்தே போய் மன்னிப்புக் கேட்டார். ஆறுமுகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "விடும்வே. உம்ம மைக்கு இல்லாட்டா நான் சாகுற வரைக்கும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன்."

இப்போது நான் மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே எங்கள் தெருவில் வரும் விளம்பர ஆட்டோக்கள் எல்லாம் பதிவு செய்த குரலிலேயே கத்துகின்றன. போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், செல்போன் அடித்தது.

"டீச்சர், நாளைக்கு ஒரு பெரிய மாநாடு தொடங்குது. அங்கனல்லாம் யாராவது சொன்னாங்களா?"

அதைப் பற்றிக் காலையிலேயே பேப்பரில் முழுப் பக்கம் படித்திருந்தேன்.

"இல்லையே அண்ணாச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க, கேக்கிறேன்."