மனுவும் அவரே, பதிலும் அவரே

நாடாக் கட்டிலுக்கு நாடா இழுத்துக் கட்டும்போது ஒரு மனிதர் என்ன இனம் என்று தெரிந்துவிடும். ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டு மறுமுனையை இழுக்க வேண்டும். செஞ்சியில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், புதன்கிழமை காலை இழுத்தவள் ஜெயமாலா. பிடித்தவர் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா அப்பாண்டைநாதன், ஊருக்கு மேற்கே இருந்த தனியார் கல்லூரியின் தலைமை எழுத்தர். அவள் இழுக்க இழுக்க அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"கெட்டியா பிடிங்க நைனா."

"பிடிச்சிட்டுத்தாம்மா இருக்கறேன். ரொம்ப இழுத்தா அதுவும் இன்னா பண்ணும், பாவம்."

"நாடாவா பாவம்?"

"நாடாவும்தான். சட்டமும்தான்."

ஒரு மணி நேரம் கழித்துக் கட்டில் ஏணை மாதிரி தொங்கியது. ஜெயமாலா திண்டிவனத்தில் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் பாலங்களுக்குப் படம் வரைகிறவள். இரண்டு பக்கமும் இழுக்காமல் எதுவும் விறைத்து நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் இழுப்பது அவர் இனத்துக்கு ஆகாது. அன்று சாயங்காலமே அவர் இறந்துபோனார். அதனால் அந்தக் கட்டில் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்ற ஆராய்ச்சி நின்றுவிட்டது.

இந்த இனத்துக்கு 'நியாயந்தான்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரிலும் இருப்பார். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா, யாரைக் கண்டாலும் அரை அடி முன்னால் சாயும் தலை. எந்தச் சண்டையானாலும் இரு தரப்பையும் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்பார். கேட்டு முடித்து, "நியாயந்தான்" என்பார். சொன்னவன் நெஞ்சு குளிர்ந்து எழுந்திருக்கும் நேரம் பார்த்து, "ஆனா" என்பார். அந்த ஆனாவுக்குப் பின்னால் மழைக்காலம், பரீட்சைக் காலம், தேர்தல் காலம், தாளாளரின் ரத்தக் கொதிப்பு என்று ஏதாவது ஒன்று எப்போதும் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். அவலூர்பேட்டை பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே சீட்டுக்கு மல்லுக்கட்டினால் அவர் நடுவில் புகுந்து இருவருக்கும் நியாயம் சொல்லுவார். செஞ்சியில் இறங்கும்போது பார்த்தால் இருவரும் நின்றுகொண்டு வந்திருப்பார்கள். சீட்டில் யார் என்று சொல்ல வேண்டுமா?

அப்பாண்டைநாதனுக்கு இது குடும்ப வழியாகவும் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற, பொழுது சாய்ந்தால் சோற்றில் கை வைக்காத சமணக் குடும்பம். எறும்பு நோகக் கூடாது. பூச்சி நோகக் கூடாது. அவர் அதைச் சற்று நீட்டி, யார் மனமும் நோகக் கூடாது என்று வைத்துக்கொண்டார். எல்லார் மனத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாத சமயங்களில் எந்த மனம் முதலில் என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. சம்பளம் கொடுக்கிற மனம் முதலில்.

இனி, அவருடைய கலை. அவர் எழுதுவார். மாவட்டத்தில் அப்படி மனு எழுத ஆள் கிடையாது என்பார்கள். அவர் எழுதிய மனுவைப் படித்தால் கேட்கிறவன் மேல் இரக்கம் வரும், கொடுக்க வேண்டியவன் மேல் அதைவிட அதிகமாக வரும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அந்தக் கலைக்குப் பெரிய சோதனை வந்தது. கல்லூரி விடுதியில் எழுபத்தெட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சேரிகளிலிருந்து வந்து படித்த பதினோரு பேர், பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளே பித்தளை டம்ளர், வெளியே அலுமினியம். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. சட்டத்துக்கு அந்தத் தாழ்வாரத்துக்கு வழி தெரியவில்லை.

பதினோரு பேரில் ஒருவன் இளையபெருமாள், பனமலைப் பக்கம். அவன் வீட்டில் கல்லூரி வரைக்கும் வந்தவன் அவன்தான். விடுதியில் இடம் போனால் படிப்பும் போனது, வேறு வழி இல்லை. அவனோடு சேர்ந்துகொண்டவன் அருள்சாமி, குடியானவர் வீட்டுக் கத்தோலிக்கப் பையன், ஹாலில் சாப்பிடுகிறவன். இருவரும் ஒரே பெஞ்சில் பாடம் கேட்டுவிட்டு, மணியடித்ததும் ஆளுக்கொரு வாசலாகப் பிரிந்து போவதில் அருள்சாமிக்கு ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் மனு எழுதிக்கொண்டு தலைமை எழுத்தரிடம் வந்தார்கள். மனு ஒரே வரி: 'எங்கள் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள்.'

"நியாயந்தான்" என்றார் அப்பாண்டைநாதன். "ஆனா மொட்டையா இருக்குதேப்பா. குடுங்க, நான் எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். இரண்டு பக்கம். தலைப்பு: 'உணவருந்தும் இட ஏற்பாட்டில் சில மேம்பாடுகள் குறித்த பணிவான விண்ணப்பம்.' உள்ளே, தாழ்வாரம் 'காற்றோட்டமான பகுதி' ஆகியிருந்தது. சேரிப் பிள்ளைகள் என்பதால் என்ற இடத்தில் 'சில காரணங்களை முன்னிட்டு' என்று இருந்தது. கடைசியில் தாளாளரின் நீண்ட ஆயுளுக்குப் பிரார்த்தனை.

தாளாளர் படித்தார். மணியடித்துத் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு பதில் போடுங்க" என்றார்.

போட்டார். 'தங்கள் விண்ணப்பம் மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டது. இடநெருக்கடி காரணமாக உடனடியாக இயலாமைக்கு வருந்துகிறோம்.' அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பையன்கள் யாரிடம் போவார்கள்? அவரிடமே போனார்கள். அவர் படித்து, "நல்லா எழுதியிருக்காங்க" என்று மெச்சிவிட்டு, இரண்டாவது மனுவுக்குத் தாள் எடுத்தார். மனுவைக் கையால் எழுதுவார், பதிலை டைப் அடிப்பார். அந்த அளவுக்கு வித்தியாசம் காட்டினார், குறை சொல்லக் கூடாது.

இப்படியே நான்கு மனு, நான்கு பதில். ஐந்தாவதில் ஜெயமாலா தலையிட்டாள். இடநெருக்கடியாமே, அளந்து பார்த்துவிடலாம் என்று, பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். நீளம் ஐம்பத்து நான்கடி. நான்கு வரிசை. ஆளுக்கு இரண்டடி. நூற்றெட்டுப் பேர் உட்காரலாம். இருப்பது எண்பத்தொன்பது பேர். படம் வரைந்து மனுவோடு இணைத்தாள்.

பதில் வந்தது. 'இணைக்கப்பட்டுள்ள வரைபடம் தகுதி பெற்ற ஒருவரால் தயாரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.'

இளையபெருமாள் அதைக் கொண்டுவந்து காட்டியபோது அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

"நைனா, இது நீங்க அடிச்சதா?"

"தாளாளர் சொன்னாரு. நான் கொஞ்சம் பதமா போட்டேன். அவர் சொன்னபடியே போட்டிருந்தா நீ தாங்க மாட்டே."

"டேப்போட மறு நுனிய நீங்கதான பிடிச்சிட்டு நின்னீங்க?"

"நின்னேன். இல்லன்னு எங்கம்மா எழுதியிருக்குது? 'தெரியவில்லை'ன்னுதான இருக்குது."

அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதையும் நியாயந்தான் என்றார்.

எட்டாவது பதிலுக்குப் பிறகு பையன்கள் மனுவை நிறுத்திவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கம்போல அவர் பேனாவைத் திறந்தார்.

"அதை மூடி வைங்க சார்" என்றான் அருள்சாமி. "எழுத்து வேணாம். வியாழக்கிழமை மத்தியானம் எல்லாருமா ஹால்ல உக்காரப் போறோம். நீங்க வந்து எங்களோட ஒரு வேளை சாப்பிடணும்."

"நானா? நான் இன்னாத்துக்குப்பா?"

"நாங்க மட்டும் போனா கலாட்டான்னு எழுதுவாங்க சார். எழுதறது யாரு, நீங்க. நீங்களே எல போட்டு உக்காந்துட்டா எழுத ஆள் ஏது?"

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். "நியாயந்தான். ஆனா பொழுது சாஞ்சா நான் சாப்பிடறதில்லயே."

"மத்தியானம்னுதான சார் சொன்னோம்" என்றான் இளையபெருமாள்.

"கிழங்கு சேக்க மாட்டேன். வெங்காயமும்."

"மோரு ஊத்திச் சாப்பிடுங்க சார். மோருல இன்னா கிழங்கு?"

"அஷ்டமி எதுனா வருதான்னு பாக்கணும். அன்னிக்கி நான் உபவாசம்."

அருள்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தான். "அஷ்டமி நாளைக்கே போயிடுது சார். சதுர்த்தசிக்கு இன்னும் ஏழு நாள் இருக்குது. எல்லாம் பாத்துட்டுத்தான் நாள் வச்சோம்."

கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜெயமாலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே காலண்டர் தாள் சரசரத்தது. பிறகு அவள் நைனாவின் குரல் கேட்டது.

"சரிப்பா. வர்றேன்."

அவ்வளவுதான். அவள் கையில் ஈரத் துணியோடு நின்றாள். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. தன் இருபத்தாறு வயதில் அவர் வாயிலிருந்து ஆனா இல்லாத வாக்கியம் ஒன்றை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை தகனம். தலைமை எழுத்தருக்கு மரியாதை செய்யும் பொருட்டுத் தாளாளர் கல்லூரிக்கு லீவு விட்டார். விடுதியில் அடுப்பு மூட்டவில்லை. உயிரோடு இருந்தவரை எத்தனையோ காரணம் கண்டுபிடித்து ஒத்திப்போட்டவர், கடைசியில் தாமே ஒரு காரணம் ஆனார். கல்லூரியிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. ஒரு வரியும் நெஞ்சைத் தொடவில்லை. இந்த மாதிரிக் கடிதங்களை நன்றாக எழுதத் தெரிந்தவர் போய்விட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். ஜெயமாலா உள்ளே கூப்பிட்டாள். இளையபெருமாள் உட்காராமல் ஒரு தாளை நீட்டினான். விடுதிப் பலகையில் ஒட்டியிருந்ததாம், கிழித்துக்கொண்டு வந்துவிட்டான். தாளாளரே கைப்பட எழுதியது. 'தாழ்வாரத்தில் சாப்பிடும் சேரி மாணவர்கள் ஹாலில் நுழைந்தால் விடுதியை விட்டு நீக்கப்படுவார்கள்.'

"இந்த ஒரு வருஷத்துல புரியற மாதிரி எழுதினது இதுதான்க்கா" என்றான்.

"நைனா எழுதலியா?"

"நாங்க உக்காரப் போற விஷயம் எப்படியோ தாளாளர் காதுக்குப் போயிடுச்சு. சார்கிட்டத்தான் எழுதச் சொல்லிக் குடுத்திருக்காரு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே" என்றான் அருள்சாமி. "பியூன் செல்லப்பன் சொன்னாரு. தேதி போட்டு, 'பொருள்'னு எழுதி, அப்படியே ரெண்டு நாளு மேசையில கெடந்துச்சாம். தாளாளர் கேட்டப்பல்லாம் நாளைக்கு நாளைக்குன்னாராம்."

அரை மணியில் எதையும் எழுதி முடிக்கிறவர். இதை எழுத மனம் வரவில்லையா, வழக்கம்போலத் தள்ளிப்போட்டாரா? வியாழக்கிழமை நிஜமாகவே போயிருப்பாரா, போகிற வழியில் தலைவலி வந்திருக்குமா? ஜெயமாலா மனத்துக்குள் போட்டுப் பார்த்தாள். தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. விடை வராது.

"நாளைக்கு மத்தியானம் உக்காரப் போறோம்" என்றான் இளையபெருமாள். "சாருக்குன்னு ஒரு எடம் விட்டிருக்கோம். அவருக்குப் பதிலா நீங்க வந்து உக்காந்தா நல்லா இருக்கும்க்கா. ஹால அளந்தவங்க நீங்க. எடம் இல்லன்னு உங்க எதிர்ல சொல்ல முடியாது."

ஜெயமாலா அவனைப் பார்த்தாள். உள்ளறையில் துக்கத்துக்கு வந்திருந்த பெரியம்மா இருமினாள். துக்க வீட்டுப் பெண், வெளியே கால் வைக்கக் கூடாது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"நீங்க கேக்கறது சரிதான்" என்றாள் ஜெயமாலா. "பதினாறாம் நாள் முடியட்டுமே. முடிஞ்ச மறுநாளே வந்துடறேன்."

இளையபெருமாள் கோபப்படவில்லை. "அதுக்குள்ள நாங்க ஊர்ல இருப்போம்க்கா" என்றான். தாளை மடித்து வைத்துக்கொண்டான். இருவரும் போய்விட்டார்கள். அவள் சொன்னது என்ன, எந்தக் குரலில் சொன்னாள் என்பது, அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பாவம், அப்பனைப் பறிகொடுத்த பெண், வேறென்ன சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு நல்ல மனசு, எல்லாப் பக்கமும் பார்க்கிறீர்கள். இந்த இனம் ஊருக்கு ஊர் பெருகியிருப்பது கெட்டவர்களால் அல்ல, உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்களால்தான். சந்தேகம் இருந்தால் தனியாக இருக்கும்போது "நியாயந்தான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதோடு வாயை மூட முடிகிறதா?

திங்கட்கிழமை மணி பதினொன்றே முக்கால் ஆயிற்று. ஜெயமாலா இன்னும் வீட்டில்தான் இருந்தாள். விடுதி அங்கிருந்து அரை மணி நடை.

அப்பாண்டைநாதன் முடிக்காமல் விட்டுப்போன வேலை இரண்டு. ஒன்று அந்த உத்தரவு. அதைத் தாளாளர் எழுதி ஒட்டிவிட்டார். மற்றது அப்படியே கிடக்கிறது. பெரிய வேலை இல்லை. பன்னிரண்டரைக்கு ஹாலுக்குள் போய், இளையபெருமாளுக்கும் அருள்சாமிக்கும் நடுவில் விட்டு வைத்திருக்கிற இரண்டடியில் உட்கார்ந்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.