சாக்கடையில் போன பிளாஸ்திரி

"எல்லாம் அந்த ஹார்மோன் பிளாஸ்திரியாலதான்," என்று ஒபெங் தீர்ப்புச் சொன்னார். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் இலவச முகாமில் பார்த்ததில் மனைவி டுஃபிக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒபெங் ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர். மருத்துவத்தில் அவர் படித்ததெல்லாம் ரேடியோவில்.

டுஃபிக்குக் கானாவின் குமாசிச் சந்தையில் துணிக்கடை. மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்புக்குள் அனல்; தூக்கமில்லை; வாடிக்கையாளர்கள் அவளைக் கண்டு பயந்தார்கள். டாக்டர் தந்த பிளாஸ்திரியை இடுப்பில் ஒட்டிய பிறகுதான் அவளும் தூங்கினாள், கடையும் பிழைத்தது.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துறேன்."

"தேவையில்ல. எல்லாத்தையும் சாக்கடையில போட்டுட்டேன்."

அனல் திரும்பியது. தூக்கம் போனது. பிரஷர் இன்னும் ஏறியது. உடம்புக்குள்ளே தங்கிய மருந்துதான் காரணம் என்றார் ஒபெங். அதை முறிக்கக் கசப்புக் கஷாயம் வாங்கிவந்தார். அதில் பாதி சாராயம். பிரஷர் மேலும் ஏறியது. வாய்க் கசப்புக்கு ஆறுதலாக, உப்பில் ஊறிய திலாப்பியாக் கருவாடு போட்டு அவரே குழம்பு வைத்தார்.

துக்கத் துணிக்குப் பேரம் பேசிய பாஸ்டர் மனைவியை டுஃபி அளவுகோலோடு துரத்தினாள். இனி அவள் கடையில் ஒரு முழம்கூட வாங்குவதில்லை என்று சர்ச் மகளிர் சங்கம் முடிவெடுத்தது.

ஒபெங் மட்டும் சாந்தமாகிக்கொண்டே போனார். சனிக்கிழமை ஒரு சாவு வீட்டில், முன்பின் தெரியாத பிணத்துக்கு விதவையைவிட அதிகமாக அழுதார். மனைவியின் நோயால் தன் மனம் இளகிவிட்டதாக விளக்கமும் சொன்னார்.

கடைசியில் டுஃபி அவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் அசிபி அவளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, கஷாயத்துக்கும் கருவாட்டுக்கும் சேர்த்துத் திட்டினாள்.

"எனக்கும் பாரும்மா," என்றார் ஒபெங். "இவளோட குடித்தனம் பண்றவனுக்கு எவ்வளவு இருக்கும்னு தெரியட்டும்."

இருபது வயதுக்காரனின் பிரஷர். பெருமையோடு எழுந்தவர், கழன்ற செருப்பை மாட்டக் குனிந்தார். சட்டை மேலேறியது. இடுப்பில் வரிசையாக பிளாஸ்திரிகள். அசிபி தன் கையால் டுஃபிக்குக் கொடுத்தனுப்பியவை.

"முதுகு வலி," என்றார் ஒபெங். "வீணாப் போக வேண்டாமேன்னு..."

"நீங்க சொன்ன சாக்கடை இதுதானா?" டுஃபியின் கை அளவுகோலைத் தேடியது.

அசிபி மெஷினை இன்னொரு முறை பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதால பிரஷர் ஏறும்னு உங்களுக்குச் சொன்னது யாரு? இத்தனை ஒட்டியும் இவருக்கு ஏறவேயில்லையே."