மின்னலுக்கும் மச்சானுக்கும் நடுவே

சனிக்கிழமை பிற்பகலில் இனி வீட்டில் இருப்பதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு வயது அறுபத்தேழு. இதுவரை என் வாழ்க்கையில் எடுக்கப்பட்ட பெரிய முடிவுகள் நான்கு. மற்ற மூன்றையும் என் மனைவி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

காரணம் என் மச்சான். மனைவியின் அண்ணன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் மூன்று இருபத்தெட்டுக்கு வருவார். தான் பழுது பார்த்த லிஃப்டுகளைப் பற்றிச் சொல்வார். மாடி மாடியாகச் சொல்வார். ஐந்து மாடிக் கட்டடம் என்றால் முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடியும். பதினான்கு மாடி என்றால் எழுந்து விளக்குப் போட வேண்டியிருக்கும். விளக்குப் போட எழுந்தாலும் விடமாட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. இன்னும் ஒம்பதாவது மாடிக்கே வரல."

நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒன்பது குழி உள்ள ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. நான் அங்கே போல்ட் கிடங்கின் பொறுப்பாளன். மைதானத்தை வேலி வழியாகப் பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்றவர்கள் சனிக்கிழமைகளில் விளையாடலாம் என்று ஒரு விதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு மேலாளர் விட்டுப்போன மட்டைகள் ஏழு அங்கே கிடந்தன. வளையாதவை ஐந்து. முதல் நாள் முதல் குழிக்கு முப்பத்தொரு வீச்சு வீசினேன். பந்தின் மேல் பட்டவை பன்னிரண்டு.

ஆட்டத்தில் ஒரே ஒரு குறை. மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் சரியாக மச்சானோடு சேர்ந்து வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்.

அப்போதுதான் மைதானத்துக் கட்டடச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தேன். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கவும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தவும். மட்டையைக் கீழே போடவும். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கட்டடத்துக்குள் அல்லது இரும்புக் கூரையுள்ள காருக்குள் செல்லவும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது.

கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். என்னை நினைத்து யாரோ எழுதியதுபோல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை உண்மையாகவே மின்னியது. உள்ளே ஓடி வந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"இங்க இடி இடிக்குது. வர நேரமாகும்."

"மரத்தடில நிக்கலையே?"

"இல்ல. கட்டடத்துக்குள்ள இருக்கேன்."

"கையில அந்த இரும்புக் கம்பி?"

"கீழ போட்டாச்சு."

"மின்னினதுக்கும் இடிச்சதுக்கும் நடுவுல எத்தனை எண்ணுனீங்க?"

"பதினேழு."

"அப்ப ரொம்பக் கிட்டக்கத்தான். அசையாதீங்க. அண்ணன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அன்று மாலை ஆறு பத்து வரை மைதானக் காவலரோடு சீட்டாடினேன். அவர் ஒரு நாளைக்கு ஆறு சொல் பேசுகிறவர். சொர்க்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை வானத்தைத் துவைத்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. ஒரு மேகம் கிடையாது. இருந்தாலும் வீட்டுக்குப் பேசினேன்.

"மறுபடியும் இடி."

"இடியா? இங்க மொட்டை வெயில் அடிக்குதே."

"அது அந்தப் பக்கத்து வானம்."

"எத்தனை எண்ணுனீங்க?"

"இருபது."

"இருபதா?" என்று கேட்டாள். "சரி, பத்திரமா இருங்க" என்றாள்.

நான்கு மணிக்கு மறுபடி பேசி, இன்னோர் இடி என்றேன். எத்தனை என்று கேட்டாள். பத்து என்றேன்.

"பாவம்" என்றாள்.

அந்தப் பாவம் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

நான்கு இருபத்தொன்றுக்கு மைதானத்துக் கட்டட வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். கையில் பெரிய ஃபிளாஸ்க்.

"தங்கச்சி சொன்னா. நீங்க இடிக்குப் பயந்து தனியா உக்காந்திருக்கீங்களாம். துணைக்கு இருக்கச் சொன்னா. கார்ல வந்தா ஆபத்து இல்லையாமே?"

"இடி நின்னுடுச்சு மச்சான். வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"கடைசி இடி எத்தனை மணிக்கு?"

"நாலு."

அவர் சுவரைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்கு. உக்காருங்க. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் கதை உங்களுக்குச் சொன்னேனோ? பதினாறு மாடி."

நான்கு இருபத்தொன்பதுக்கு, எங்கிருந்தோ கறுத்துக்கொண்டு வந்த மேகம் மின்னியது. பழக்கதோஷத்தில் எண்ணினேன். எட்டில் இடித்தது. கட்டடமே ஒரு குலுக்குக் குலுங்கியது.

"நம்ம நல்ல நேரம் மாப்பிள்ளை" என்று மச்சான் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நிதானமாவே சொல்றேன்."

அன்று பதினோரு இடி இடித்தது. ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிஷம் புதிதாகத் தொடங்கியது. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். லிஃப்ட் ஆறாவது மாடியைத் தொட்டபோது காவலர் எழுந்து மச்சான் முன்னால் கையை நீட்டினார்.

"சாவி குடுங்க. நான் கார்ல உக்காந்துக்கறேன்."

ஐந்து சொல். இன்னொன்றைக் கூடச் செலவழிக்காமல் போய்விட்டார். லிஃப்ட் பதினாறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்றேன். அந்தக் கட்டடத்துக்கு நிலத்துக்கு அடியிலும் இரண்டு தளம் இருப்பது மச்சானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ஏழு நாற்பத்திரண்டுக்கு வீடு சேர்ந்தேன். மனைவி முக்காலியில் கால் நீட்டி வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. மச்சானை எனக்குத் துணைக்காக அனுப்பவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"பொய்னு எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொரு வருஷமா பாக்கறேன். உங்க வாயில இருந்து ஒரு கணக்கு ரவுண்டா வந்ததில்ல. மாடிப்படி எத்தனைன்னு கேட்டா, பதினேழு, ஒண்ணுல விரிசல்னு சொல்ற ஆளு. இருபதாம். பத்தாம்."

வேறு வழியில்லை. பணிந்துவிட்டேன். "தப்புதான். அடுத்த வாரத்திலேருந்து சனிக்கிழமை வீட்டுலேயே இருக்கேன். மச்சானும் இங்கேயே வரட்டும்."

அவள் சட்டென்று பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். அண்ணனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். உங்க விருந்தாளியா வாரா வாரம் வரலாம்னு விதி இருக்காமே. வரச் சொல்லிட்டேன்."

"உனக்கு உன் அண்ணனைப் பாக்கணும்னு இருக்காதா?"

"நீங்க லிஃப்ட் மட்டும்தான் கேட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி அவரு சைக்கிள் ரிப்பேர் பண்ணிட்டிருந்தாரு. ஒவ்வொரு சைக்கிளையும் நான் கேட்டிருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை மச்சான் மூன்று மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிட்டார். என்னோடு குழிக்குக் குழி நடந்தார். மூன்றாவது குழிக்குப் போவதற்குள் ஒரு வங்கிக் கட்டடத்து லிஃப்ட் முடிந்து, ஒரு துணிக்கடை லிஃப்ட் தொடங்கியிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லி, மட்டையைக் காவலர் கையில் திணித்துவிட்டு வேலியோரமாக ஓடிவந்தேன். வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"அண்ணன் எங்க?"

"மைதானத்துல. கதவைத் திற."

"வெளிய வானம் எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கு. ஏன் கேக்கற?"

உள்ளே பத்திரிகையின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"இங்க இப்பத்தான் ஒரு இடி இடிச்சுது. முப்பது நிமிஷத்துக்குக் கதவைத் திறக்கக்கூடாது."