சராசரியாரின் சைக்கிள் மீட்டர்

காற்று வாங்கச் சைக்கிளில் போகிறவர்கள் ஒரு வகை. எவ்வளவு காற்று வாங்கினோம் என்று குறித்துக்கொள்வதற்காகவே போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையின் உட்பிரிவு ஒன்றை இங்கே பதிவு செய்தாக வேண்டும். இவர்கள் பந்தயத்துக்குப் போகமாட்டார்கள், மலை ஏறமாட்டார்கள், மாநிலம் கடந்து பயணம் செய்யமாட்டார்கள். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, இடையில் காய்கறி. அந்த அற்பத் தூரத்தை அளப்பதற்கென்று கைப்பிடியில் ஒரு மீட்டரை மாட்டிக்கொண்டு, மீட்டர் சொல்வதே வாழ்க்கை என்று மிதிப்பார்கள். இவர்களை அடையாளம் காண்பது எளிது. சாலையில் எல்லோரும் முன்னால் பார்த்து ஓட்டுவார்கள். இவர்கள் கீழே பார்த்து ஓட்டுவார்கள்.

ஆராய்ச்சிக்கு ஒரு மாதிரி போதும். குடிநீர் வாரியத்தில் மீட்டர் சோதகராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கே அவர் சராசரியார்.

அந்தப் பட்டம் வந்த வரலாறு சிறியது. லிப்டில் கொண்டுபோக வசதியாக இருக்கிறதென்று சின்னச் சக்கரம் வைத்த மடக்குச் சைக்கிள் ஒன்றை வாங்கினார். கடைக்காரர் கூடவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மீட்டரையும் காட்டினார். முன்சக்கரத்தின் கம்பியில் ஒரு காந்தம். அது சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் மீட்டர் ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கித் தூரமும் வேகமும் சொல்லும்.

“ஏதாவது செட் பண்ணணுமா?” என்று கேட்டார் இவர்.

“எல்லாம் கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் சார் வருது. மாட்டுங்க, மிதிங்க.”

மாட்டினார், மிதித்தார். முதல் நாளே அலுவலகத்துக்கு ஏழு கிலோமீட்டர் என்றும், சராசரி வேகம் இருபத்தொன்று என்றும் காட்டியது. தூரம் ஐந்து இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஆனால், நாற்பத்து மூன்று வயதில், தொப்பையோடு, முதல் நாளே இருபத்தொன்று கொடுக்கிற கருவியை எவன் சந்தேகிப்பான்?

மறுநாளிலிருந்து அவரிடம் யாரும் பேச முடியவில்லை. தட்டச்சர் அம்மா மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்: “சைக்கிள் ஓட்டுறது நல்லா இருக்கா சார்?”

“இருபத்தொன்னு.”

“இல்ல சார், மனசுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்.”

“சராசரிம்மா. உச்சம் முப்பத்தஞ்சு.”

அன்று விழுந்தது பெயர்.

சராசரியைக் காப்பாற்றுவது எத்தனை பெரிய உத்தியோகம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சந்தைத் தெருவில் நெரிசல். இறங்கித்தான் தள்ள வேண்டும். தள்ளினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சராசரி விழும். ஆகவே சராசரியார் முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி, முரண்டு பிடிக்கும் ஆட்டை முன்னங்கால் பற்றி இழுத்துப் போகிறவரைப் போலச் சந்தையைக் கடப்பார். சக்கரம் சுற்றாத நேரத்தை மீட்டர் கணக்கில் சேர்ப்பதில்லை; சராசரி தப்பித்தது. ஆனால் தூக்கிய தூரம் கணக்கில் வராதே? அதற்கும் வழி உண்டு. மாலையில் வீட்டு வாசலுக்கு வரும்போது மீட்டர் 13.9 என்று நின்றால், அங்கேயே நின்று முன்சக்கரத்தைக் கையால் சுழற்றுவார். ஏறக்குறைய ஐம்பது சுற்றில் 14.0 வந்துவிடும். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஒருமுறை மீட்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்து, நின்றிருந்த தள்ளுவண்டியில் மோதினார். முழங்கையில் ரத்தம். நோட்டில் அன்றைய பதிவு: “காலை 8.42, வேகம் பூஜ்யம்.” மாதந்தோறும் இந்தப் பதிவுகளெல்லாம் வரைபடமாகி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஏறின, விடுமுறைப் பட்டியலுக்கும் தீயணைப்பு எண்ணுக்கும் நடுவில். ஆண்டு முடிவதற்குள் மூவாயிரம் கிலோமீட்டர் என்று சிவப்பு மையில் ஒரு கோடும் இழுத்திருந்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த மீட்டர் பயனற்ற பொருள் அல்ல. பந்தயத்துக்குப் பழகுகிறவருக்கு அது வேண்டும். நாளுக்கு நூறு கிலோமீட்டர் போய் இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டியவருக்கு வேண்டும். மருத்துவர் அளவோடு மிதிக்கச் சொன்னவருக்கும் வேண்டும். அலுவலகம் போகிறவருக்குக் கைக்கடிகாரம் போதும். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நேரத்துக்குப் போய்ச் சேருவோமா? மற்ற எண்கள் எல்லாம் பிறரிடம் சொல்வதற்கு. சொல்வதற்கு ஆள் இல்லாத தீவில் விட்டால், இவர்களில் எத்தனை பேர் மீட்டருக்குப் பேட்டரி மாற்றுவார்கள்?

சராசரியார் தமக்கு மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. அவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்குப் பள்ளி வேன் ஆகாது. பதினாறு பேர் ஏறும் வண்டியில் இருபத்தாறு பேர், டீசல் வாடை, ஊரெல்லாம் சுற்றி ஒரு மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் வாந்தி. தோழிகள் மூவர் சைக்கிளில் போனார்கள். அவளிடமும் சைக்கிள் இருந்தது. அனுமதிதான் இல்லை. இரண்டரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால் சைக்கிள், தாண்டினால் வேன் என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். அலுவலகம் போகும் வழியில்தான் பள்ளி. மீட்டர் அதன் வாசலில் 2.8 காட்டியது.

“தோழி வீட்டு ஸ்கூட்டர்ல ரெண்டுதான்பா காட்டுது.”

“ஸ்கூட்டர் மீட்டர் எல்லாம் தோராயம். நான் இதே தொழில்ல இருபது வருஷமா இருக்கேன்.”

இருந்தார், உண்மை. தண்ணீர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று யாராவது புகார் கொடுத்தால், இருபது லிட்டர் கேனோடு அந்த வீட்டுக்குப் போவார். கேன் நிரம்பத் தண்ணீர் பிடித்து, மீட்டரும் இருபது என்கிறதா என்று பார்ப்பார். எந்த மீட்டரையும் அதன் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அவர் நம்பியதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேனுக்குப் பெயர் கொடுக்க ஞாயிறு கடைசி. ஞாயிற்றுக்கிழமை காலை சராசரியார் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். முன்னறையில் அவர் மனைவி தையல் மெஷினில் இருந்தார். அவருக்கு அதுதான் தொழில். மகள் அம்மாவின் அளவு நாடாவையும் தையல் சுண்ணாம்பையும் கேட்டு வாங்கினாள்.

“எதுக்குடி?”

“அப்பா சைக்கிளுக்கு அளவெடுக்க.”

சிரிக்கவில்லை அவள். சைக்கிளைக் கூடத்துக்கு உருட்டி வந்தாள். டயரில் ஒரு கோடு. அதே இடத்தில் தரையில் ஒரு கோடு. டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும்வரை ஒரு சுற்று உருட்டி, அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நாடாவை விரித்தாள். நாடா சரியாக அங்கேயே தீர்ந்துபோனது.

“நூத்தம்பது,” என்றார் மனைவி, வாயில் குண்டூசியோடு. “நாடாவே அவ்வளவுதான்.”

மகள் மீட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சக்கரத்தின் சுற்றளவு என்ற இடத்தில் கம்பெனி போட்டு அனுப்பியிருந்த எண் வந்தது. “இருநூத்திப் பத்து சென்டிமீட்டர்னு இருக்குப்பா. இது பெரிய சக்கரத்துக்கு.”

சராசரியார் எழுந்து வந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார். உட்கார்ந்தும் பார்த்தார்.

“டயர்ல காத்து கம்மியா இருக்கும்,” என்றார்.

“காத்தடிச்சா சக்கரம் ரெண்டடி வளருமாங்க?” என்றார் மனைவி.

அவர் மனம் அதற்குள் கணக்கில் இறங்கிவிட்டது. இறங்க வேண்டாம் என்றாலும் கேட்காத மனம். ஏழு கிலோமீட்டர் ஐந்து ஆனது. இருபத்தொன்று பதினைந்து ஆனது. பதினைந்தில் பால்காரர் போவார், பின்னால் கேனோடு. சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்த மூவாயிரம், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் போய் விழுந்தது. பலகையில் பத்து மாத வரைபடங்கள் இருக்கின்றன. தட்டச்சர் அம்மா இருக்கிறார்.

“அப்ப ஸ்கூல் எவ்வளவுப்பா?”

இந்தக் கேள்விக்கு ஒரு தகப்பனுக்கு எத்தனை நொடி ஆக வேண்டும்? நம் மாதிரிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டு என்று சொன்னால் மகளுக்கு வேன் இல்லை. ஆனால் பத்து மாதமும் பொய். 2.8 என்று சொன்னால் பத்து மாதமும் மெய். வாரத்தில் இரண்டு வாந்தி.

“ரெண்டு புள்ளி எட்டுன்னுதானே காட்டுது,” என்றார் மெதுவாக.

வாசித்தீர்களா? அதைத்தான் சொன்னார்.

மனைவி குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். “சரிங்க. நாளைக்கு நான் உங்க ஆபீசுக்கு வந்து அந்தப் பலகையில இந்த நாடாவை மாட்டிட்டு வரேன். பக்கத்துல சக்கரத்தையும் சாத்தி வைக்கிறேன்.”

“இரு, இரு. பேசிக்கலாம்.”

பேசிக்கொண்டார்கள். உடன்பாட்டின் விவரம் இது: பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். அலுவலகம் பழையபடி ஏழு. மீட்டரில் யாரும் கைவைக்கக் கூடாது. நாடா விஷயம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டும் ஒரே சாலையில் இருப்பதால், பள்ளி வாசல்வரை கிலோமீட்டர் முழு நீளமாக இருந்து, வாசலைத் தாண்டியதும் சுருங்கி, மூன்று ஆக வேண்டிய இடத்தில் ஐந்தாக அடைபடுகிறது என்பதைப் பற்றி அவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாதவர் அல்ல. வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் மகளும் சேர்ந்தே கிளம்பினார்கள். மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு அவர் நிமிர்வதற்குள் அவள் தெருமுனையில் இருந்தாள். விரட்டிப் பிடித்தார். சிறிது தூரம் பக்கத்தில் வந்தாள். பிறகு நிதானமாக, மூச்சு வாங்காமல், அவரைத் தாண்டினாள். மீட்டர் அப்போது இருபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. இருபத்தொன்றைத் தாண்டிப் போகிறவள் குறைந்தது இருபத்தைந்தில் போக வேண்டும் அல்லவா? அவர் மீட்டரை நம்புகிறவர். பின்னாலிருந்து கத்தினார்:

“மெதுவாப் போம்மா, இருபத்தஞ்சுல போற.”

அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “உங்க இருபத்தஞ்சாப்பா, நாடா இருபத்தஞ்சா?”

பள்ளி வாசலில் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையாட்டிவிட்டுத் தோழிகளோடு உள்ளே போனாள். வாந்தி இல்லை, வாடை இல்லை. வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. மணி அடிப்பதற்கு முன்னால் வந்துவிட்டோம் என்று மட்டும் தெரியும். அவர் அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

“இது என்ன சார் புதுசா, மகள், இருபத்தஞ்சுன்னு?” என்றார் தட்டச்சர் அம்மா.

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சா. என்னையே தாண்டிட்டா.” குரலில் அத்தனை பெருமை. “பரம்பரைம்மா.”

இப்படித்தான் ஒரு தலைமுறையின் பிழை அடுத்த தலைமுறைக்குச் சாதனையாகப் போய்ச் சேருகிறது.

என்ன சிரிக்கிறீர்கள்? என்னிடம் சைக்கிளே இல்லை என்ற நிம்மதிதானே? இருக்கட்டும். உங்கள் மணிக்கட்டில் ஏதோ கட்டியிருக்கிறீர்களே, காலடி எண்ணுகிற பட்டை; அல்லது சட்டைப் பையில் அதே வேலையைச் செய்யும் தொலைபேசி. நேற்று அது ஒன்பதாயிரத்துச் சொச்சம் காட்டியதாக நண்பர் ஒருவரிடமாவது சொல்லியிருப்பீர்கள். ஒன்று செய்யுங்கள். இப்போதே எழுந்து, வாய்விட்டு எண்ணி நூறு அடி நடந்துவிட்டு, அது எத்தனை என்கிறது என்று பாருங்கள்.

அதெல்லாம் எதற்கு, நன்றாகத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறதா?

அப்படியானால் உட்காருங்கள்.