உதியன்குளங்கரையில் பெய்த பனி

உதியன்குளங்கரைப் பிள்ளைகளுக்குப் பனி பெய்ய வைத்த ஒரே மனிதர் எங்கள் நெட்டு சார்தான். அவருக்கு வேறு பெயரும் இருந்தது. அதை அவர் மனைவியே மறந்திருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜங்ஷனில் நான் நெட் சென்டர் வைத்திருந்தேன். மற்றவர்கள் கல்ஃபில் இருக்கும் மாப்பிள்ளைக்கு மெயில் அனுப்ப வருவார்கள். பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த இவர் மட்டும், வெளிநாட்டு வாத்தியார்கள் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தேட வருவார்; நெட்டு சார் என்ற பெயர் அப்படி வந்ததுதான். போன் லைனில் ஓடும் நெட். ஒரு பக்கம் முழுசாக வருவதற்குள் டீ ஆறி, அதில் ஈயும் விழுந்திருக்கும். அதுவரை சார் கைகட்டி நிற்பார்.

"இந்தச் சேர்ல இருங்க சாறே."

"ஒரு டீச்சரு பாடத்தோட வாறாங்க மக்கா. நான் எப்பிடி இருக்கது?"

பாடம் பிடித்துவிட்டால் எழுதியவருக்கு உடனே நன்றி மெயில் போகும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பக்கம் வந்தால் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் உண்டு. உலகத்து வாத்தியார்களில் பாதிப் பேருக்கு இங்கே விருந்து காத்துக் கிடந்தது.

ஒரு நாள் முகம் தொங்கிப்போய் வந்தார். அவருடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போர்டைப் பார்த்து எழுதுவார்கள். சொந்தமாக ஒரு வரி இங்கிலீஷ் எழுத மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், அதற்குள் எழுதாவிட்டால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டாராம்.

"அதுக எழுதும் மக்கா. எழுத வைக்கதுக்கு எனக்குத்தான் வழி தெரியல்ல."

அன்று தேடித் தேடி ஓர் அமெரிக்க டீச்சரின் பாடத்தைப் பிடித்தார். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பனியைக் கையில் கொடுங்கள், தோன்றுவதை எழுதச் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது.

"இஞ்ச எங்க சாறே பனி? மழைன்னு மாத்தி எடுங்க."

"ஒரு டீச்சரு யோசிச்சு எழுதினதாக்கும். அதுல நாம கை வைக்கப்பிடாது."

மறுநாள் வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி, காஞ்சிரங்குளம் தாண்டிக் கடற்கரைப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார். மீனுக்குப் போடும் ஐஸை உடைக்கும் மிஷின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, "எலே, பனி பெய்யுது, பிடிங்கலே" என்றார். பிடித்தார்கள், தின்றார்கள், ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டார்கள். கம்பெனிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, "சாறே, எனக்க மீனு கெட்டுப்போவும்" என்று கதறினார். எழுதி முடிக்கட்டும் என்றார் சார். நடுங்கிக்கொண்டே எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி பிள்ளைகள் எழுதியதைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு பெண்ணின் தாளில் நின்றுவிட்டார். பனிக்குச் சாளை மீன் மணம் உண்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

"பனிக்கு மீன் மணமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல சாறே. நான் மோந்து பாத்தேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். வகுப்பு சாரிடமே தங்கியது.

பிள்ளைகள் எழுதியதையெல்லாம் டைப் செய்து அந்த அமெரிக்க டீச்சருக்கு அனுப்பினார். சில நாளில் பதில் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பனியை மோந்து பார்த்தார்களாம். மீன் மணம் இல்லையென்று ஏமாந்து திரும்பினார்களாம்.

அது வரிவரியாகத் திரையில் வந்து முடியும்வரை சார் வழக்கம்போல் கைகட்டி நின்றார். அவர் நின்றது தூரத்து டீச்சருக்காக. எனக்கு வாத்தியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். நானும் எழுந்து நின்றேன்.